அழியாத பழுப்பு

மேசை முழுக்கப் பழுப்பு.

சுகந்தி ஒவ்வொரு இங்க் பேடாகத் திறந்து கட்டைவிரலை அழுத்தினாள். தாளில் ஒரு தடம். பிறகு ஓடிப்போய்க் குழாயடியில் விரலை நீட்டினாள். திரும்ப மேசை. அடுத்த பேட்.

எட்டரை ஆகியிருந்தது. பதினோரு மணிக்கு அடக்கம் என்று ஜெனிட்டாவின் கணவன் அமலன் போனில் சொல்லியிருந்தான்.

"குழந்தை பொறந்துருச்சு, சுகந்தியக்கா," என்றுதான் ஆரம்பித்தான். அவள் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"உயிரில்லக்கா. பையன். கால் தடம் மட்டும் எடுத்துத் தரணும். ஜெனிட்டா உங்களத்தான் கேக்குறா."

சரி என்றாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. போனை வைத்ததிலிருந்து உட்காரவில்லை.

ஜெனிட்டா ஐந்தாம் மாதத்தில் இந்த மேசைக்கு வந்தவள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஓர் ஆல்பம் வேண்டும், பழைய காலத்து ஆல்பம் மாதிரி இருக்க வேண்டும் என்றாள். சுகந்தி செய்வது அதைத்தான். டீ டிகாக்‌ஷனில் தாளை நனைத்துக் காயவைப்பாள். ஓரங்களில் ஸ்பாஞ்சால் பழுப்பு மையைத் தேய்ப்பாள். நேற்று வாங்கிய தாள் நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்ததுபோல் ஆகிவிடும்.

மையை நானே பார்த்து எடுக்கிறேன் என்று ஜெனிட்டா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். இது துரு. இது ரொம்பக் கொதிச்ச டீ. இது எங்க மாமனாரோட செருப்பு. சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் எடுத்தது தண்ணீர் பட்டால் பரவுகிற பழுப்பு. ஓரங்களில் அது கசிந்து நிற்கிற அழகு வேறெதிலும் வராது.

முதல் பக்கத்தைப் பாதத் தடத்துக்காக வெறுமையாக விடச் சொல்லியிருந்தாள்.

ஜெனிட்டா எடுத்த அந்த பேடில்தான் இப்போதும் சுகந்தி முதலில் விரலை வைத்தாள். தண்ணீர் காட்டியதும் மை போய்விட்டது. தோலுக்கு நல்லது.

ஆனால் தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் கலைந்துவிடும். அந்தப் பக்கத்தை யார் திறந்து பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். மூடி வைத்தாள்.

அழியாத பழுப்பு ஒன்று இருந்தது. அதில் விரல் ரேகை ஒன்றுவிடாமல் விழுந்தது. காய்ந்தபின் தாளைத் தண்ணீரில் முக்கினாள். அசையவில்லை.

விரலிலிருந்தும் அசையவில்லை.

சோப்புப் போட்டாள். ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. மை இருந்தது. இப்படிப் பிள்ளையின் காலைத் தேய்க்க முடியாது.

முதல் பேடைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டியபிறகு திரும்பி வந்து இரண்டாவதையும் போட்டாள். ஆட்டோவில், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பையைத் திறந்து இரண்டையும் பார்த்தாள்.

மூன்றாவது மாடி. கடைசி அறை.

அமலன் வெளியே நின்றிருந்தான். கையில் வெள்ளைப் பெட்டி. ஒரு கையில் பிடிக்கக்கூடிய அளவுதான்.

நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள். "எதுல வேணா எடுங்க. தேய்ச்சுறாதீங்க. தோல் தாங்காது," என்று மெதுவாகச் சொன்னாள்.

பிள்ளை ஜெனிட்டாவின் மடியில் இருந்தது. துண்டுக்கு வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

சுகந்தி தாளை அட்டையில் வைத்தாள். தண்ணீரில் பரவுகிற பேடைத் திறந்தாள். மூடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது.

ஜெனிட்டா பேடையே பார்த்தாள்.

"இது தண்ணி பட்டாப் போயிரும்ல."

"ஆமாம்மா."

"போகாதது ஒண்ணு காட்டுனீங்களே."

"இருக்கு. ஆனா அது கால விட்டுப் போகாதும்மா. தொடைக்க முடியாது."

"எதுக்குத் தொடைக்கணும்?"

சுகந்தி அழியாத பழுப்பைத் திறந்தாள்.

ஸ்பாஞ்சில் மையைத் தொட்டு வலது பாதத்தில் ஒற்றினாள். பாதம் அவள் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. குதிகால். வளைவு. ஐந்து விரல்கள். அட்டையோடு தாளைக் கொண்டுபோய்ப் பாதத்தில் அழுத்தினாள். உள்ளுக்குள் ஐந்துவரை எண்ணினாள். எடுத்தாள்.

எல்லாம் விழுந்திருந்தது. சுண்டுவிரல்கூட.

இடது பாதத்தில் மையை ஒற்றினாள். முதல் தடத்துக்குப் பக்கத்தில் வரும்படி தாளைத் திருப்பினாள். பிறந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான், இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் எடுப்பது வழக்கம்.

ஜெனிட்டா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பக்கத்துல வேணாங்க்கா. முன்னால."

சுகந்திக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தாளைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

வலதுக்கு முன்னால் இடது.

ஜெனிட்டா கையை விடவில்லை.

மறுபடி வலது. அதற்கு முன்னால் இடது.

நான்கு அடி வைத்ததும் தாள் முடிந்துவிட்டது.

கதவு திறந்தது. "ஃபாதர் கெளம்பிட்டாராம்," என்று சொல்லிக்கொண்டே வந்த அமலன் தாளைப் பார்த்தான். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடியாகப் பார்த்தான்.

அவன் வெளியே போனான். பெட்டியை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கதவைச் சாத்தினான்.

கட்டிலருகே மண்டியிட்டு அட்டையை வாங்கிக்கொண்டான்.

"இன்னொரு தாள் இருக்காக்கா?"