கடல் வரைபடத்தில் ஒரு துணிக்கீற்று

கொடைக்கானல் விடுதியின் கூட்ட அறைச் சன்னலில் மூடுபனி வந்து அப்பி நிற்கிறது. மேசை நிறைய, தடித்த அட்டை வரைபடத்தில், கடல் நீலமாக விரிந்து கிடக்கிறது. எந்த இடம் எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் இதுவே கடல் நிர்வாகத் திட்டமாகிவிடும். ராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் தலைவி பஞ்சவர்ணம், பூண்டி மலைக்கிராமத்திலிருந்து வந்து இங்கே தேநீர் கொடுக்கும் நதியா கழற்றித் தந்த ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி தங்கள் பாறைத்திட்டைத் தேடுகிறாள். அதன்மேல் மூன்று சீட்டுகள்.

"எங்க சீட்டு எங்கய்யா? மாசத்துல பன்னெண்டு நாளுதான் கடல்ல எறங்கணும்னு முடிவு பண்ணுனது நாங்க."

"அது பழக்கங்கம்மா. நிர்வாகம் இல்ல," என்கிறார் கூட்டத்தை நடத்தும் அதிகாரி சேனாதிபதி.

அவள் முந்தி முடிச்சை அவிழ்க்கிறாள். பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றும் துணிக்கீற்று, உப்பேறி விறைத்திருக்கிறது. அதைத் திட்டின்மேல் வைத்து, மேசையில் கிடந்த குண்டூசியை எடுத்து நறுக்கென்று குத்துகிறாள்.

"போன மாசம் நாள் தப்பி எறங்குனேன். தலைவின்னும் பாக்காம, எம் பாசி மூட்டைய அவுத்துக் கடல்லயே கொட்டுனாளுக. வாயத் தொறக்காம நின்னேன். உங்க ஆபீசுல எந்தப் பெரிய அதிகாரிக்காவது இப்படி நடந்திருக்கா? சொல்லுங்க."

நதியா தட்டோடு நின்றுவிடுகிறாள். சேனாதிபதியின் கை குண்டூசி வரை போகிறது. பக்கத்திலிருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்புகிறது.