தெற்கே போன நண்டு

கடலடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த சிவப்பு மிதவையின் மேல் ஒரு நண்டு தொற்றி ஏறியது.

"அண்ணே, தெற்கே எங்க அக்கா குஞ்சு பொரிச்சிருக்காளாம். சீக்கிரம் போய்ப் பார்க்கணும்!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோ, கிளம்பிட்டோம்!" என்றது மிதவை.

அது கோடைக்காலம். தெற்கிலிருந்து வடக்கே பாய்ந்த தண்ணீர் மிதவையின் மேல் மோதி நுரை தெறித்தது. பாசியும் செத்தையும் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின.

"என்னா வேகம் அண்ணே! எல்லாத்தையும் முந்திட்டோம்!" நண்டு கொடுக்கைத் தூக்கி ஆட்டியது. "ஆமா, கீழே என்ன கடகடன்னு சத்தம்?"

"அதுதான் இன்ஜின்!"

பிறகு வாடைக்காற்று வந்தது. நீரோட்டம் அப்படியே திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே பாய்ந்தது. நுரை இப்போது மிதவையின் மறுபக்கம் தெறித்தது.

"ஊர் திரும்புறோம்டா!" என்று கூவியது மிதவை.

அந்த வழியாக ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்தது. "நண்டுத் தம்பி, தண்ணியோட தெற்கே போறேன். ஏறிக்கிறியா?"

"நாங்க போயிட்டுத்தான் வர்றோம்!" என்றது நண்டு. "எங்க அக்காவைப் பார்த்தா சொல்லு. அவ்வளவு தூரம் வந்தேன், அவ எட்டிக்கூடப் பார்க்கலைன்னு."