மாற்றியவர்

கணினியில் தரவை இணைக்கும் கனெக்ட் பொத்தானை அக்கா அழுத்தினாள். பதினோரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது இந்த ஒரு சொடுக்குக்காகத்தான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆனால் இன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது சொந்தத் தம்பிக்கு அக்காவாக.

கூட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊழியர் விவரம் முழுவதும் கிளவுடில், மனிதவளத் துறையின் பூட்டுக்குள் கிடந்தது. அறிக்கை தயாரிக்கும் அவளால் அதை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. போன வாரம் இயக்குநர்களே, எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டு, அவளுக்கு அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்கள். கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

தம்பியும் இதே கட்டடத்தில், மூன்றாவது மாடியில் வேலை பார்த்தவன். வருட மதிப்பீட்டில் ஐந்துக்கு நான்கு போட்டிருப்பதாக அவனுடைய மேலாளர் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த மாதமே ஆட்குறைப்பு வந்தது. இரண்டும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்தப் பட்டியலில் தம்பியின் பெயர் இருந்தது. மதிப்பெண் இரண்டு.

அன்றிலிருந்து அவன் அறையை விட்டு வருவதில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் நாசூக்காக நழுவிக்கொண்டார்கள். கதவைத் தட்டினால் பசிக்கல என்ற ஒற்றைச் சொல்தான் வரும். ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்த பிள்ளை.

நான் நாலுதான் போட்டேன், எப்படி ரெண்டாச்சுன்னே தெரியல என்று மேலாளர் கையை விரித்தார். தம்பி நம்பினான். அக்கா நம்பவில்லை. நாலு தானாகப் போய் ரெண்டாகுமா? மேலிடத்துக்குத் தலை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். எதிர்த்துக் கேட்காத பிள்ளையாகப் பார்த்துத் தள்ளிவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்குத் தங்கம் என்று பெயர். தங்கமான மனுஷனாம். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறிக்கையின் முதல் பக்கத்தை முன்பே வடிவமைத்து வைத்திருந்தாள். மாற்றப்பட்ட மதிப்பெண்கள் என்று தலைப்பு. கீழே நான்கு பத்திகள்: ஊழியர், மேலாளர் போட்டது, பதிவில் இருப்பது, மாற்றியவர். நாலாவது பத்தியில் தங்கத்தின் பணியாளர் எண் வரும். ஆறு இயக்குநர்கள் முன்னால், சுவர் அகலத்துக்கு. அந்த முகம் வெளிறுவதை ஆற அமரப் பார்க்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வந்தது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் தங்கமே அவள் மேசைப் பக்கமாக வந்தார். கையில் காபிக் கோப்பை.

"தம்பி எப்படிம்மா இருக்கான்? நான் கேட்டேன்னு சொல்லு."

சிரித்த முகமாகத் தலையாட்டினாள். போய் உட்காருங்கள், இன்னும் அரை மணி நேரத்தில் ஊரே உங்களைக் கேட்கும் என்று மனதுக்குள் கறுவினாள்.

திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. அட்டவணை திறந்தது.

தம்பியின் வரியைத் தேடிப் பிடித்தாள். மேலாளர் போட்டது 4. பதிவில் இருப்பது 2. மாட்டினார் என்று துள்ளியது மனம்.

மாற்றியவர் பத்தியில் இருந்தது அவளுடைய எண்.

மறுபடி பார்த்தாள். தரவைப் புதுப்பித்துப் பார்த்தாள். அவளுடைய எண்தான்.

தம்பிக்கு மட்டுமல்ல, தொடர்ச்சியாகப் பதினைந்து பேருக்கு அதே எண், அதே தேதி, அதே நிமிடம். எல்லோருக்கும் அடுத்த ஆளின் மதிப்பெண். வருடம் முழுக்க விடுப்பில் கிடந்த ஒருவருக்குத் தம்பியின் நாலு போயிருந்தது. கடைசிப் பெயருக்கு நேரே வெறும் கட்டம்; அந்த ஆள் ஏற்கெனவே வேலையை விட்டிருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. மனிதவளத் துறை கேட்டுக்கொண்டதால், அந்த ஒரு நாள் மட்டும் வருட மதிப்பெண்களை எக்செலில் தொகுத்துக் கிளவுடில் ஏற்றிக் கொடுத்தது அவள்தான். விடுப்புக்காரரின் கட்டம் காலியாக இருந்தது. வேண்டாத இடைவெளி என்று நினைத்து அதை நீக்கினாள். கீழே இருந்த எண்கள் ஒரு படி மேலே ஏறின. பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று நினைத்தபோதுதான் போன் அடித்தது.

"அக்கா, கீழ வண்டியோட நிக்கிறேன். படம் போட்டுருவாங்க, சீக்கிரம் வா!"

ஏற்றிவிட்டு ஓடினாள். அன்று படத்தில் தம்பி சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து போய்த் தங்கத்தின் காலில் விழ வேண்டும் போல ஒரு கணம் இருந்தது. ஒரே ஒரு கணம்தான். ஆத்திரம் மட்டும் இறங்கவே இல்லை. பதினோரு மாதம் ஊட்டி வளர்த்த ஆத்திரம். அதைத் தம்பியின் கதவுக்கு முன்னால் கொண்டுபோய், ஆள் நான்தான்டா என்று இறக்கி வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து யாரோ கையசைத்துக் கூப்பிட்டார்கள்.

பத்திகளின் பட்டியலில் மாற்றியவர் என்பதற்கு நேரே இருந்த டிக்கை எடுத்தாள். பத்திகள் மூன்றாயின. லோடு கொடுத்து அறிக்கையை ஏற்றினாள்.

கூட்ட அறையில் விளக்கைக் குறைத்தார்கள். சுவரில் முதல் பக்கம் விரிந்தது. பதினைந்து வரிகள், பதினைந்தும் தங்கத்தின் பிரிவு. மூத்த இயக்குநர் முன்னால் சாய்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதையெல்லாம் யாரு மாத்துனது?"

அறையில் இருந்த எல்லோரும் தங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவும் பார்த்தாள்.