பெயர் சூட்டியவர்கள்

திரையில், ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில், அவள் பெயர் சாய்வெழுத்தில் இருந்தது.

ஜெசிந்தா. பின்னால் ஒரு லத்தீன் வால் சேர்த்து, புதிதாகக் கண்டெடுத்த ஓடில்லாத கடல் நத்தை ஒன்றுக்குச் சூட்டியிருந்தான்.

"எப்படி?" என்றான் கணவன். நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தான். "கல்யாண நாளுக்கு எவனாவது இப்படி ஒண்ணு குடுத்திருப்பானா?"

மேசையில் மக்ரூன் டப்பா திறந்திருந்தது.

அவள் தலைப்புக்குக் கீழே பார்த்தாள். கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். அவன். அவனுடைய ஆய்வு நிலைய இயக்குநர்.

மறுபடியும் பார்த்தாள்.

"என் பேரு எங்க?"

"அதான் நத்தைக்கே வச்சிருக்கேன்லா."

"எழுதினவங்க வரிசையில கேக்கேன்."

"அங்கயும் நீ இருந்தா, உன் பேரை நீயே வச்சுக்கிட்ட மாதிரி ஆயிரும். ஊரே சிரிக்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியும்.

புதிய உயிரினத்துக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது இந்தத் துறையில் அசிங்கம். யார் பெயரை வைக்கிறார்களோ, அவர் கட்டுரை எழுதிப் பெயர் வைப்பவர்களோடு நிற்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் மீற எல்லோருக்கும் கூச்சம்.

எவ்வளவு அழகாக வெளியே அனுப்பியிருக்கிறான். மாலை போட்டு.

கடல் வற்றி உள்வாங்கிய ஒரு காலையில் செத்த பவளத்தைப் புரட்டி அதைக் கண்டவள் அவள். "ஆரஞ்சுத் தோலு. விட்டுட்டு வா" என்றவன் அவன். நகத்தளவு உடம்பு. நாக்கைப் பிரித்தெடுத்து, அதிலிருந்த பற்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வரைந்தவள் அவள். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் வரைந்தாள். தெரிந்த இனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, இது எதிலும் சேராது என்று எழுதியவளும் அவள்தான்.

வாளியைத் தூக்கி வந்தது அவன். முன்னுரை எழுதியதும் அவன். அதை மறுக்க முடியாது.

வருடக் கடைசியில் கல்லூரி வேலைக்கு நேர்காணல். மகள் பிறந்ததும் விட்டுவிட்ட ஆராய்ச்சிக்குள் திரும்ப நுழைய அவளுக்கு இருக்கும் ஒரே கதவு. நீங்கள் எழுதிய கட்டுரை எங்கே என்று கேட்பார்கள்.

நத்தையைக் காட்டச் சொல்கிறானா?

கடைசிப் பக்கத்தில் பெயர்க்காரணம் இருந்தது. 'முதல் ஆசிரியரின் மனைவியுடைய பொறுமையைப் போற்றும் விதமாக.'

பொறுமை.



அவன் கைப்பேசி அடித்தது. நாத்தனார். ஸ்பீக்கரில் போட்டான்.

"மதினி! உங்க பேருல நத்தையாமே? நீங்க சேலை கட்டிக் கிளம்புற வேகத்தைப் பாத்துதான் அண்ணன் வச்சிருப்பான்!"

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். அவளைக் கேட்பதற்கு முன்பே குடும்பம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"சரி, பிழை இருந்தா திருத்தி நீயே பத்திரிகைக்கு ஏத்திரு" என்றான், பேசி முடித்ததும். "எனக்கு அந்த இணையதளம் ஒத்துவராது. மீன் வாங்கிட்டு வாரேன்."

எப்போதும் அவள்தான் ஏற்றுவாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

கத்தியிருக்கலாம். மக்ரூன் டப்பாவைச் சுவரில் எறிந்திருக்கலாம்.

எறிந்தால் அவள்தான் பெருக்க வேண்டும்.

விசைப்பலகையை இழுத்தாள். ஒவ்வோர் எழுத்தையும் ஆணி அறைவதுபோல் அடித்தாள். மேசை அதிர்ந்தது. இயக்குநரை நன்றியுரைக்கு அனுப்பினாள். மைக்ராஸ்கோப் அறையின் சாவியைத் தந்ததற்காக. முன்னுரையைத் திருப்பி எழுதினாள், ஒரு வாக்கியம் விடாமல். முடிக்கும்போது மூச்சு வாங்கியது.

அவன் மீன் பையோடு வந்தான்.

"ஏத்திட்டியா?"

"நீங்க பாக்காம எப்படி? நத்தை பேரை மாத்திட்டேன்."

"ஏன், உன் பேரு வேண்டாமா?"

"உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

குனிந்தான். நத்தையின் பெயரைப் படித்தான்.

ரெமிஜியுஸ். அவன் பெயர். லத்தீன் வாலோடு இன்னும் கம்பீரமாக இருந்தது.

பெயர்க்காரணத்தையும் படித்தான். 'ஆசிரியரின் கணவருடைய அன்பான உறுதுணைக்காக.'

முகமெல்லாம் சிரிப்பு. "ஏ பாப்பா, இங்க ஓடி வா! அப்பா பேருல ஒரு நத்தை!"

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு முதலிலிருந்து காட்ட வேண்டும் என்று கட்டுரையை மேலே நகர்த்தினான். பற்களின் படங்களைத் தாண்டி. முன்னுரையைத் தாண்டி.

ஜெசிந்தா மீன் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். மூடினாள்.

முன்னறையில் சிரிப்பு நின்றிருந்தது.

தலைப்புக்குக் கீழே இருந்ததை மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பெயர்தான். சீக்கிரம் முடிந்துவிட்டது.