கரடி விழும் நேரம்

அந்தப் பழைய கார்ட்டூனில் கரடி வாரம் தவறாமல் மலையுச்சியிலிருந்து விழும். "ஐயோ!" என்று ஒரு அலறல், அத்தோடு டப்பிங் பேசும் அமலோற்பவத்துக்கு வேலை முடிந்தது. வசனமெல்லாம் வேறு ஆளின் குரல். இப்போது பெரியவர்களுக்கான ராத்திரி நிகழ்ச்சிக்காக அதை வெட்டி ஒட்டிய நவ்ஷாத், அந்த ஒரு விழுதலையே அரைமணி நேரத்துக்கு இழுத்து வைத்திருந்தான்.

"தரைக்கு வர்ற வரைக்கும் கரடி பேசணும்க்கா. வாய்க்கு வந்ததப் பேசுங்க."

அமலோற்பவம் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். கரடி, தான் பிறந்த கதையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் அறுந்த செருப்பு, நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதித்தது என்று அந்தரத்தில் மல்லாந்தபடி சொல்லிக்கொண்டே போனது. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

திரையில் தரை தெரிந்தது.

"இரு தம்பி, நான் இன்னும் கல்யாணத்துக்கே வரல" என்றது கரடி.

நவ்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான்.