பன்னிரண்டாவது நாற்காலி

குழாயடியில் குந்தி, அவன் மற்றவர்களின் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சோப்பு. தேங்காய் நார். மறுபடி சோப்பு.

பெரிய வியாழன், இயேசு சீடர்களின் கால் கழுவிய நாள். மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். வருஷா வருஷம் விசைப்படகு முதலாளிகளும் பங்குப் பேரவைக்காரர்களும்தான் உட்காருவார்கள். வீட்டிலேயே கால் கழுவி, பவுடர் போட்டு வருவார்கள். இந்த வருஷம் உப்பளத்துக் கூலியாட்களைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் சாமியார்.

அவன் சாமியாருக்குக் கைவேலை பார்க்கும் கோவில் உபதேசியார். தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கினால் ஊர் அவனைத்தான் கேட்கும்.

“தோல உரிச்சுப்புடாதேயும் உபதேசியாரே. சனிக்கிழமை உப்புல எறங்கணும்லா,” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியாகக் கயத்தான்.

அளத்திலேயே நரைத்த மனிதர். சாமி தன் காலைத் தொடப் போகிறார் என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வந்திருந்தார்.

குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அவன் அவிழ்த்தான்.

உப்பு தின்ற புண். சீழ் வைத்திருந்தது.

தேய்த்துப் போகிற அழுக்கில்லை அது.

“இதுலயா சாமி வாய வைப்பாரு? அடுத்த வருசம் பாத்துக்கிடலாம், என்ன?”

தணிந்த குரலில்தான் சொன்னான். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாகவே நினைத்தான்.

கயத்தான் காலை இழுத்துக்கொண்டார். துணியை மறுபடி சுற்றினார். முடிச்சு விழ நேரமாயிற்று.

மணி அடித்துவிட்டது.

பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள். ஒன்று காலி. வேறு ஆள் தேட நேரமில்லை.

அவனே உட்கார்ந்தான்.

ஒவ்வொருவராகக் கழுவி வந்த சாமியார், அவன் முன் மண்டியிட்டார். ஒரு கணம் தயங்கினார்.

“கயத்தான் எங்க?”

“வரல, சாமி.”

சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டார். பக்கத்துத் தூணோரம் கயத்தான் நின்றிருந்தார். கேட்டிருக்குமோ, தெரியவில்லை.

சுத்தமான காலில் சுத்தமான தண்ணீர் விழுந்தது. சாமியார் புதுத் துண்டால் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். துடைத்த துண்டை அவன் கையிலேயே கொடுத்தார். கால் கழுவப்பட்டவருக்கே துண்டு என்பது வழக்கம்.

பூசை முடிந்ததும் அவன் தூணோரம் போனான்.

“இத நீரு வச்சுக்கிடும்.”

கயத்தான் துண்டைப் பார்த்தார். தொடவில்லை.

“அது ஒம்ம காலத் தொடச்சதுல்லா.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஆராதனை தொடங்கிற்று. சனங்கள் தரையில் முழந்தாளிட்டார்கள். கயத்தானும். நெருக்கத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் அவருக்கு நேர் பின்னால்.

பீடத்தில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. எல்லோரும் அங்கே பார்த்தார்கள்.

அவன் முன்னால் அந்தப் பாதம் மல்லாந்திருந்தது. சுற்றியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. புண்ணில் மணல்.

அவன் கையில் துண்டு.

ஒரு முழம்தான் தூரம்.

குனிந்தான்.

குனியுமுன், யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.