அடுத்த மாடல்

"கையெழுத்துப் போடுறியா, இல்ல உன் கையைப் பிடிச்சு நானே போட வைக்கட்டுமா?"

இன்ஷூரன்ஸ் சர்வேயர் போட்ட சத்தத்தில், கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் ஓசை நின்றுபோனது.

மச்சினன் அசையவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி, வயிறு திறந்த நிலையில் மூன்று பழைய கேம் கன்சோல்கள். கழற்றிய திருகுகள் ஒரு முட்டை அட்டையில், குழிக்கு ஒரு அளவாகக் கிடந்தன.

"செய்யாத தப்புக்கு எதுக்கு மாமா கையெழுத்து?"

"செய்யாத தப்பா?" சர்வேயர் கைபேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "அப்ப இது யார் எழுதினது? உன் ஆவியா?"

திரையில் அவனுடைய இணையப் பக்கம். கன்சோல் பைத்தியங்கள் கூடி வம்பளக்கிற இடம். புது மாடல் எப்போது வரும், எப்படி வரும் என்று அவன் ஊகித்து எழுதுவான். ஆயிரம் பேர் வந்து அடித்துக்கொள்வார்கள். போன மாதம் அவன் போட்ட பதிவின் தலைப்பு, 'அடுத்த மாடல் இப்படித்தான் இருக்கும்'. கூடவே கையால் வரைந்த ஒரு படம். டிஸ்க் போடுகிற பகுதி தனியாகக் கழன்று வரும். சூடான காற்று பின்பக்கம் போகாமல் மேலே போகும். உடம்பு மூன்றில் ஒரு பங்கு இளைத்திருக்கும்.

அந்தக் கன்சோலைச் செய்கிற கம்பெனியில்தான் அவன் அக்காவுக்கு, அதாவது சர்வேயரின் மனைவிக்கு, வேலை. வெளிக்கூட்டை வடிவமைக்கிற பிரிவு. மூன்று மாத வேலைக்குப் பிறகு, போன வாரம்தான் புது வடிவத்தைக் கொடுத்தாள். பூட்டிய அறைக்குள் நான்கே பேர் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு அதிகாரி அவளைக் கூப்பிட்டு, அவள் படத்தையும் தம்பியின் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. நாளைக் காலை பத்து மணிக்குள் விளக்கம் வரவேண்டும். வராவிட்டால் வேலை இல்லை.

விளக்கத்தைத் தட்டச்சு செய்து கணவனும் மனைவியும் கொண்டுவந்திருந்தார்கள். 'அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, அவருக்குத் தெரியாமல் அவருடைய லேப்டாப்பைத் திறந்து படங்களைத் திருடினேன்.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கையோடு அனுப்பிவிட லேப்டாப்பும் வந்திருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, கால்ல கட்டோட பதினஞ்சு நாள் எங்க வீட்டு சோபாவுல கிடந்தியே, அப்ப பார்த்த வேலையா இது? உனக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தவன்டா நான்!"

"ஆப்பிளுக்கு நன்றி மாமா. ஆனா லேப்டாப்பை நான் தொடல. நானாத்தான் யோசிச்சேன்."

"யோசிச்சியா! அங்க நூறு எஞ்சினியர் மண்டையை உடைச்சுக்கிறான். நீ முட்டை அட்டையை வெச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சிட்டியாக்கும்!"

"ஆமா. எல்லாரும் இதை டிவி அலமாரிக்குள்ள திணிச்சு வெக்கிறாங்க. பின்னாடி சுவர். சூடு எங்க போகும்? இதுக்கு எஞ்சினியர் எதுக்கு, கையை வெச்சுப் பார்த்தா போதாதா?" அவன் குரலும் ஏறியது. "இதே கம்பெனிக்கு வேலை கேட்டு ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். அக்காவை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். உனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னுட்டா. இப்ப திருடன்னு வேற எழுதிக் கொடுத்தா, எவன் மாமா என்னை உள்ள விடுவான்?"

"அக்கா வேலை போனா பரவாயில்லையா?"

அவன் ஒரு திருகை எடுத்து முட்டை அட்டையில் அதற்குரிய குழியில் போட்டான்.

கதவோரம் நின்ற மனைவியைச் சர்வேயர் பார்த்தார். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்துடா," என்றாள், தம்பியின் முகத்தைப் பார்க்காமலே. "கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"நான் மறப்பேனாக்கா?"

சர்வேயருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "இவன்கிட்டப் போய் ஏன் கெஞ்சுற?"

இருபது வருடமாக, நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பவர் அவர். அழுகிறவர்கள், சத்தியம் செய்கிறவர்கள், மயங்கி விழுகிறவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. யார் எந்தக் கதை விட்டாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பாலிசி முதலிலா, விபத்து முதலிலா?

"நீ கையெழுத்தே போட வேணாம்டா. உன் திருட்டை நானே நிரூபிக்கிறேன்," என்றார். "உன் பதிவுல தேதி இருக்கு. நாலாம் தேதி. அவ வரைஞ்ச ஒவ்வொரு படத்துலயும் தேதி இருக்கும். ரெண்டையும் சேர்த்து அதிகாரிக்கு அனுப்பினா, யாரைப் பார்த்து யார் வரைஞ்சதுன்னு தானா தெரியும்."

"முதல்ல அதைச் செய்யுங்க மாமா!"

"வேணாங்க." மனைவி லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கம்பெனி ரகசியம். வெளியாள் முன்னாடி திறக்கக் கூடாது."

"என்ன பெரிய ரகசியம்? அதான் ஊரே பார்த்தாச்சே!"

பையைப் பிடுங்கினார். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், அவருடைய பிறந்தநாள்தான். 'புது மாடல்' என்றிருந்த இடத்தைத் திறந்தார். நாற்பது படங்களுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றுக்கும் முந்தையது எது என்று கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார்.

"பார்றா, இப்பப் பார்," என்றபடி கடைசிப் படத்தைத் தட்டினார்.

அதன் தேதி போன மாதம் ஐந்து. அதற்கு முன்னால் அந்த லேப்டாப்பில் ஒரு கோடுகூட இல்லை. திரை முழுக்க விரிந்தது, மச்சினன் கையால் வரைந்து நாலாம் தேதி பதிவில் போட்டிருந்த அதே படம்.